கடினமான கணக்குகளைக் கொடுத்தவர்களுக்கு நன்றி

கணித அறிவியல் துறைகளில் அதிகம் காணக் கிடைக்காத சமூகப் பிரிவுகளிலிருந்து வரும் மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

முதலில், மாலைப் பயிற்சிகளை நடத்திய ஆய்வு மாணவர்களுக்கு. இப்படிப்பட்ட மாணவர்கள் என்றதுமே அடிப்படைப் பாடத்தைத் திரும்ப நடத்தச் சொல்வது வழக்கம். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நுண்கணித மாணவர்களைக் கவனித்த கணிதக் கல்வியாளர் யூரி டிரைஸ்மன் கண்டது வேறு. கறுப்பின மாணவர்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை, தனித்தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளியினர் கூடிப் படித்து, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார்கள். ஆகவே அவர் சிறு குழுக்களை அமைத்து, வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். நீங்களும் அந்த வழியில்தான் போனீர்கள்.

எக்ஸின் தலைகீழி (1/x) 0-க்கும் 1-க்கும் இடையே தொடர்ச்சியானது, ஆனால் சீரான தொடர்ச்சி உடையதல்ல என்று நிறுவும் கணக்கை எடுத்துக்கொள்வோம். சார்பின் மதிப்பு அதிகம் மாறாமலிருக்க எக்ஸ் ஒரு புள்ளிக்கு எவ்வளவு நெருங்கி இருக்க வேண்டும் என்ற அளவுதான் டெல்டா; எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே டெல்டா போதுமானால் அது சீரான தொடர்ச்சி. புள்ளியைப் பார்க்காமலே டெல்டாவை எழுதிவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். நீங்கள் விடை சொல்லவில்லை. "புள்ளியைப் பூஜ்யத்துக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்துங்கள், அதே டெல்டா போதுமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள். அந்தப் பொறுமைக்கு நன்றி.

நிதிக் கணக்குப் பிரிவினருக்கு: மாநாட்டுப் பயணத் தொகையை முன்பணமாகவே தந்தீர்கள். ரசீது கொடுத்தபின் பணம் என்றால், கையில் காசில்லாத மாணவர் "அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது" என்று ஒதுங்கிவிடுவார். உண்மைக் காரணம் யாருக்கும் தெரியாமலே போகும்.

நன்கொடையாளர்களே, ஒரு பருவத்தில் மதிப்பெண் சரிந்தாலும் உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்ற எங்கள் கோரிக்கையை ஏற்றீர்கள். தொகை நின்றால் மாணவர் பகுதிநேர வேலையைக் கூட்டிக்கொள்வார். படிக்கும் நேரம் குறையும். அடுத்த பருவம் இன்னும் மோசமாகும். வாழ்க்கைச் செலவுக்கும் தொகையைப் பயன்படுத்தலாம் என்றதும் பெரிய உதவி.

பரிந்துரைக் கடிதம் எழுதிய ஆசிரியர்களுக்குத் தனி நன்றி. "நல்ல மாணவர், கடின உழைப்பாளி" என்ற வரி தேர்வுக்குழுவுக்கு எதையும் சொல்லாது. எந்தத் தேற்றத்தின் நிரூபணத்தில் எந்த இடைவெளியை மாணவர் தாமே கண்டுபிடித்தார் என்று எழுதினீர்கள். முதலாண்டு மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதையும், மாணவரின் சம்மதத்தோடு, இரண்டே வரியில் விளக்கினீர்கள்.

அடுத்த பருவத்துக்கான பயிற்சித் தாள்களைத் தொகுக்கத் தொடங்கிவிட்டோம். நல்ல கணக்கு கைவசம் இருந்தால் அனுப்புங்கள். விடை வேண்டாம்.

அன்புடன்,
திட்ட ஒருங்கிணைப்புக் குழுவினர்