பென்சில் தந்த அம்மாவுக்கு

பை கிடைத்துவிட்டது! நேற்றிரவு, பிராகில் நாங்கள் தங்கியிருக்கும் அறைக்கே வந்து சேர்ந்தது. 14 பக்கப் படங்களும் ஓரம்கூட மடங்காமல் இருக்கின்றன. என் புத்தகத்துக்காக வரைந்த அந்தப் படங்களோடு ரயில் பயணத்தில் தொலைந்த பை அது. நண்பர்களே, நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்ல மனசு வரவில்லை.

மியூனிக்கிலும் வியன்னாவிலும் ரயில் நிலையங்களில் ஏறி இறங்கி விசாரித்தவர்கள், ஜெர்மனில் புகார் எழுதித் தந்தவர், நான் வாய் திறக்குமுன்பே கெடுவை இரண்டு வாரம் தள்ளிவைத்த பதிப்பாசிரியர், நள்ளிரவிலும் போனை எடுத்தவர்கள் எல்லோருக்கும் என் நன்றி. தனித்தனியாகவும் எழுதுவேன்.

இந்த மடல் முக்கியமாக, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒருவருக்கு.

பை போன மூன்றாம் நாள் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனோம். பிள்ளைகளுக்காகத்தான். 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே கட்டணமில்லை. நானோ அதுவரை ஒரு கோடுகூட இழுக்கவில்லை. ஓவியர் புரூகலின் படங்கள் இருக்கும் அறையில், 1565இல் அவர் வரைந்த 'பனிக்கால வேட்டைக்காரர்கள்' ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டேன். மூன்று பேர் ஊர் திரும்புகிறார்கள். அத்தனை நாய்களைக் கூட்டிப்போயும் ஈட்டியில் தொங்குவது ஒரே ஒரு நரி. நாய்கள் தலையைத் தொங்கப்போட்டு நடக்கின்றன.

"அவங்களுக்கும் ஒண்ணும் கிடைக்கலையாப்பா?" என்றாள் சின்னவள்.

பேனாவை எடுத்து, விடுதி ரசீதின் பின்பக்கத்தில் ஒரு நாயின் முதுகை வரையத் தொடங்கினேன். காவலுக்கிருந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். ஓவியத்தருகே மை கூடாதென்று தெரிந்திருந்தும் மறந்துபோயிருந்தேன். திட்டப்போகிறார் என்று பேனாவை மூடினேன். அவர் கோட்டுப் பையைத் துழாவி ஒரு பென்சிலை நீட்டினார். சுண்டுவிரல் நீளம், பின்முனையில் பல் தடம், கத்தியால் சீவிய கூர். ரசீது வளைவதைப் பார்த்து, அடியில் வைத்துக்கொள்ளத் தன் குறிப்பேட்டையும் தந்துவிட்டுப் பேசாமல் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாவது நாயின் பின்னங்காலுக்கு வரும்போது கைநடுக்கம் நின்றிருந்தது. போனதை மறுபடி வரைய முடியும் என்று அங்கேதான் நம்பினேன். அன்றிரவே இரண்டு பக்கம் வரைந்தேன். இப்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். புதியதுதான் புத்தகத்தில் போகும். முதல் பிரதி அந்த அறைக்குப் போகும், இது உறுதி.

அடைக்கும் நேரம் வந்ததும் அவரேதான் எங்களை எழுப்ப வேண்டியிருந்தது. பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன். ரசீதில் பாதியில் நின்ற நாய்களைக் காட்டித் தலையசைத்து, என் விரல்களைப் பென்சில்மேல் மடக்கிவிட்டார்.

வியன்னாவில் இருக்கும் நண்பர்களே, அந்தப் பக்கம் போனால் நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டிய அந்த அம்மாவைத் தேடுங்கள். நாய்களை வரைந்து முடித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.