இடதுகைக்குத் துப்பாக்கி உறை மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் யுஎஸ்பிஎஸ்ஏ சங்கம் நடத்தும் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் பற்றிய கட்டுரையில், இடதுகைக்காரர்கள் இடது இடுப்பில் மாட்டும் உறை வாங்கினால் போதும் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். சிக்கலே அதற்குப் பிறகுதான்.

பெரும்பாலான பிஸ்டல்களில் மேகசினை (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியை) கழற்றும் பட்டன் இடப்பக்கம் இருக்கும். வலது இடுப்பில் மாட்டும்போது அது உடம்போடு ஒட்டி மறைந்துவிடும். இடது இடுப்பில் வெளியே தெரியும். நாற்காலிக் கையோ கார் சீட் பெல்ட்டோ அழுத்தினால் மேகசின் கொக்கி விட்டுவிடும். கையில் எடுத்துச் சுடும்வரை தெரியாது. பட்டனைச் சுற்றி மேடு எழுப்பிய உறைதான் இதற்கு மருந்து.

க்ளாக் நிறுவனப் பிஸ்டல்களில் 2010இல் வந்த நான்காம் தலைமுறை முதல் பட்டனைப் பக்கம் மாற்றலாம். முதலில் மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை) இழுத்து, சுடும் தோட்டா நிற்கும் சேம்பர் காலிதானா என்று கண்ணால் பாருங்கள். இந்த வரிசை தலைகீழானால் சேம்பரில் புதுத் தோட்டா ஏறிவிடும். மேகசின் குழிக்குள் நிற்கும் மெல்லிய ஸ்பிரிங் கம்பி, பட்டனின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் அதை விலக்கினால் பட்டன் பக்கவாட்டில் உருவி வரும். திருப்பி மறுபக்கம் செருகி, கம்பியைப் பள்ளத்தில் உட்கார வையுங்கள். கம்பி வளைந்தால் பிடிமானம் போச்சு. பட்டன் பிடிக்கும் வெட்டு ஒரு பக்கம் மட்டும் உள்ள பழைய மேகசின்கள் அதன்பின் நிற்காது. அவற்றையும் மாற்ற வேண்டும்.

மாற்றாமலே ஆள்காட்டி விரலால் அழுத்திப் பழகியவர்களும் உண்டு. மோசமான வழி என்று சொல்ல மாட்டேன்: மேகசின் மாற்றும்போது அந்த விரல் ட்ரிகரை விட்டு வந்தே ஆக வேண்டும். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் லீவர் இருபுறமும் வேண்டுமென்றால் 2017இன் ஐந்தாம் தலைமுறையில் இருக்கிறது.

1911 என்ற பிஸ்டல் வகையில், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி லீவரும் இடப்பக்கமே. இருபக்க லீவரைச் சும்மா மாட்ட முடியாது. உள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற பாகத்துடன் பொருந்தும்படி அராவ வேண்டும். ஆயுதப் பழுதுநீக்குநரிடம் கொடுப்பதே நல்லது.

வலக்கை உறையை இடது இடுப்பில் மாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். பிடி முன்னால் திரும்பி நிற்கும். அசல் இடது உறை வாங்கினாலும், பட்டனை மாற்றியிருந்தால் இப்போது அது உடம்புப் பக்கம். உறையின் உட்சுவர் அதை அழுத்துகிறதா என்று பாருங்கள். போலித் தோட்டா நிரப்பிய மேகசினுடன் உறையில் வைத்து, குனிந்து, உட்கார்ந்து எழுந்து, மேகசினைக் கீழே இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் உறை சரியில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்