சமையலறைச் சுவரை விட்டுவிட்டுப் போன யானைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூடலூரில் உண்ணிச்செடிக் (லாண்டானா) குச்சியில் செய்த யானைச் சிற்பங்கள் அமெரிக்கா போன கதையைச் சென்ற இதழில் படித்தேன். படங்கள் அருமை. பந்தலூர்க்காரனான எனக்கும் பெருமைதான். ஆனால் காட்டுக் கழிவில் செய்த கலை என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே!

உண்ணிச்செடியைக் கழிவு என்றால் போதாது. வெள்ளைக்காரர்கள் பூவின் அழகுக்காகக் கொண்டுவந்து வைத்த செடி அது. இன்று முதுமலைக்குள் புல் முளைக்க விடாமல் அடைத்துக் கிடக்கிறது. யானைக்கும் மானுக்கும் மேய்ச்சலைக் கெடுத்த அதே செடியில் யானை செய்கிறார்கள் என்பதுதான் இந்த வேலையின் உயிர். குச்சியைக் காய்ந்தபடியே வளைத்தால் ஒடிந்துவிடும். அதனால் தண்ணீரில் வேகவைத்து, தோலை உரித்து, கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்து ஆணி அடிக்கிறார்கள். பணியர், பெட்ட குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் எனப் பழங்குடியினர் இருநூறு பேர் அளவில் இதில் உழைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் நடமாடும் நிஜ யானையைப் பார்த்து வடித்தது. காது மடிப்பையும் நிற்கும் தோரணையையும் வைத்தே இன்ன யானை என்று சொல்லக்கூடியவர்களின் கை அது.

2021-இல் லண்டன் பூங்காக்கள், 2024-இல் அமெரிக்காவில் நியூபோர்ட், நியூயார்க், மயாமி கடற்கரை என்று அவை போய்வந்தன. விற்ற பணம் மனிதரும் விலங்கும் மோதாமல் வாழ வழிசெய்யும் வேலைகளுக்குப் போகிறது. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை.

என் குறை வேறு. மனிதரும் யானையும் சேர்ந்து வாழ்வதைப் பற்றிய கண்காட்சி என்கிறார்கள். நீங்கள் போட்ட படங்களில் யானைதான் இருக்கிறது, மனிதர் எங்கே? சுற்றி நின்று பார்க்கிறவர்தான் அந்த மனிதர் என்று பதில் வரலாம். நியூயார்க்கில் நிற்கிறவர் தும்பிக்கையைத் தடவிப் பார்த்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவார். இங்கே பலாக்காயைப் பிஞ்சிலேயே வெட்டி இறக்கிவிடுகிறோம், பழுத்த வாசத்துக்கு யானை வாசல்வரை வந்துவிடும் என்று. இருட்டிய பிறகு எஸ்டேட் பாதையில் நடக்க நேர்ந்தால் வளைவுக்கு வளைவு நின்று காது கொடுத்துவிட்டுத்தான் நகர்கிறோம். (யானை அவ்வளவு பெரிய உடம்போடு எவ்வளவு சத்தமில்லாமல் வரும் என்பது வந்து பார்த்தவருக்கே தெரியும்.)

அரிசி ராஜா என்று நாங்கள் பெயர் வைத்த மக்னாவை (தந்தமில்லாத ஆண் யானை) வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அரிசிக்காக வீடு வீடாகச் சுவரை இடித்தது. 2022 டிசம்பரில் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். அது நடந்தே கேரளாவின் சுல்தான் பத்தேரி ஊருக்குள் போய், 2023 ஜனவரியில் கேரள வனத்துறையிடம் பிடிபட்டது. கண்காட்சிக்குப் போன அந்தச் சிற்பக் கூட்டத்தில் ஒரு யானையின் பக்கத்தில், இடிந்த சமையலறைச் சுவரும் சிதறிய அரிசியும் இருந்திருந்தால் பார்க்கிறவர் கை தும்பிக்கையைத் தொடுமுன் கொஞ்சம் தயங்கியிருக்கும். அழகு குறைந்திருக்கும் என்கிறீர்களா? குறையட்டுமே. அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர்களில் பலர் இன்னமும் யானையே வேண்டாம் என்று சொல்வதில்லை, இந்த யானை வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வித்தியாசத்தைக் கண்காட்சியும் காட்டவில்லை, உங்கள் கட்டுரையும் காட்டவில்லை.

அடுத்த முறை நிருபரைக் கூடலூருக்கு அனுப்புங்கள். தன் வீட்டுப் பக்கம் வந்துபோன யானையையே கம்பியில் கட்டியவர் யாராவது இருந்தால், கட்டும்போது என்ன நினைத்தார் என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.