எமது மைதானமும் மரச்சோலையும்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த சபை அங்கத்தவர்களுக்கும் திருகோணமலை ஊர்ப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

சென்ற வைகாசியில் தொடங்கிய மைதானத் திருப்பணி இந்தத் தை மாதத்துடன் நிறைவெய்தியிருக்கிறது. கோயில் வேலைக்குச் சொல்லும் சொல்லை விளையாட்டு மைதானத்துக்குச் சொல்லலாமா என்று பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஊரார் காசும் ஊரார் வியர்வையும் சேர்ந்து எல்லோருக்கும் உரிய ஓர் இடத்தைச் செப்பனிட்டால் அதற்கு வேறென்ன பெயர் என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் பதில் சொன்னார். திருப்பணிக் குழுவுக்கும் அதே எண்ணந்தான். அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டோம்.

"புதிய பார்வையாளர் அரங்கு எங்கே?" என்று எல்லோரும் கேட்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். அது கட்டப்படவில்லை. சேர்ந்த பணத்தில் பெரும்பங்கு மண்ணுக்கடியில் போயிருக்கிறது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன செய்திருக்கிறார்கள்?" என்று கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. அரங்குக்கென்று நினைத்துப் பணம் தந்த சிலருக்கு மனக்குறை உண்டு. அது நியாயமானதே. அவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

நம் ஊருக்கு மழை வாடைக் காற்றோடு வருகிறது. ஆண்டு முழுவதும் பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். அது ஓயும் கையோடு பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிடும். நிலம் ஊறிக் கிடக்கும் நாட்களை ஒட்டியே பிள்ளைகளுக்கு மைதானம் அதிகம் தேவைப்படுகிறது. எத்தனையோ வருடமாக நாங்கள் செய்தது ஒன்றுதான். தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் ஒரு லோட் கிறவல் கொட்டி, றோலர் உருட்டிச் சமப்படுத்தினோம். அடுத்த மாரிக்குப் பள்ளம் பக்கத்தில் நகர்ந்திருக்கும்.

வைகாசியில் மூன்று இடங்களில் குழி தோண்டிப் பார்த்தோம். மேலே ஒரு முழத்துக்குக் கிறவலும் களியும் கல்லாக இறுகியிருந்தன. அலவாங்கு போட்டுத்தான் உடைக்க முடிந்தது. அதற்குக் கீழே வெள்ளை மணல். கையில் அள்ளி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் விரலிடுக்கால் ஓடிவிடும் மணல். இயற்கை கொடுத்த வடிகாலை நாங்களே வருடந்தோறும் மூடி போட்டு அடைத்து வந்திருக்கிறோம். நல்ல மனதோடு கொட்டிய ஒவ்வொரு லோட்டும் நிலத்தின் மூச்சை இன்னும் கொஞ்சம் அடைத்தது. புல்லின் வேருக்கும் காற்று வேண்டும். இறுகிய மண்ணில் வேர் இறங்காமல் மேலாகவே கிடந்து, தென்மேற்குக் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் கருகிவிடும். மாரியில் சேறும் கோடையில் புழுதியும் இரண்டு நோய் என்று நினைத்திருந்தோம். குழிக்குள் இறங்கி நின்று பார்த்தபோதுதான் நோய் ஒன்றே என்று விளங்கியது. அன்று மாலையே குழு கூடி, அரங்கைத் தள்ளிவைத்து நிலத்தை முதலில் பார்ப்பதென்று முடிவெடுத்தது.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இறுகிய படையைப் பெக்கோ இயந்திரத்தால் வழித்து எடுத்தோம். நடு உயர்ந்து இரு பக்கமும் சரியும்படி ஆமை முதுகாக நிலத்தை அமைத்தோம். உதைபந்தாட்டத்துக்கு மட்டுமான மைதானமென்றால் சரிவைக் கூட்டலாம். இங்கே குண்டும் ஈட்டியும் தட்டும் எறிவதால் 200 இற்கு 1 என்று அடக்கமாகவே வைத்தோம். 68 மீற்றர் அகல ஆடுகளத்தில் நடுவுக்கும் பக்கக் கோட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் 17 சென்ரிமீற்றர்தான். நின்று பார்த்தால் கண்ணுக்குப் படாது. இவ்வளவு சிறிய சரிவு ஒரு பெருமழையைத் தனியே வடிக்காது என்பதால் அடியில் குழாய் பதிக்க வேண்டியதாயிற்று. நடுவே 160 மில்லிமீற்றர் பெருங்குழாய். அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகத் துளையிட்ட 110 மில்லிமீற்றர் குழாய்கள். மீனின் நடுமுள்ளும் பக்க முட்களும் போன்ற அமைப்பு. வரைபடத்தைப் பார்த்ததுமே கடற்றொழில் செய்யும் அங்கத்தவர்களுக்குப் புரிந்துவிட்டது, மற்றவர்களுக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது. குழாயைச் சுற்றிச் சல்லிக்கல், மேலே பருமணல், அதற்கும் மேலே மணலும் மக்கிய எருவும் கலந்த மண். மணல் முழுவதும் அனுமதிப்பத்திரத்தோடு வந்த ஆற்று மணல். பக்கத்திலேயே கடல் இருக்க ஏன் இந்தச் செலவு என்று கேட்டவர்களுக்கு: கரை மணலை அனுமதியின்றி அள்ளுவது சட்டப்படி குற்றம், அதன் உப்பும் புல்லுக்கு ஆகாது.

புல் அறுகுதான். உலகத்தின் வெப்பமான நாடுகளில் பெரிய விளையாட்டரங்குகளில் விரிந்து கிடப்பது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகும் அதன் கலப்பினங்களுமே என்பதை அறிந்தபோது குழுவில் எல்லோருக்கும் ஒரு மகிழ்ச்சி. தரைக்கு மேலும் கீழும் கொடியோடிப் படர்வதால் மிதிபட்ட இடத்தைத் தானே மூடிக்கொள்ளும். உவரைத் தாங்கும். நிழலை மட்டும் தாங்காது. ஆனி மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைச் சிரமதானத்தில் துண்டு துண்டாக நட்டு முடித்தோம். கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குடிநீரைப் புல்லுக்கு விடுவதில்லை என்று முதலிலேயே தீர்மானித்திருந்தோம். மைதானக் கிணற்று நீரை விடியுமுன் இறைத்தோம். கச்சான் வீசும் காலத்தில் பகலில் இறைத்தால் பாதி காற்றோடு போய்விடும்.

நட்டு இரண்டு கிழமையில் மான்கள் வந்தன. பிரெட்ரிக் கோட்டையிலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் திரியும் புள்ளிமான்கள் நம் ஊரின் செல்லங்கள். மான் நடமாடும் நகரம் என்றுதான் வெளியூரார் நம்மைச் சொல்கிறார்கள். இளம் அறுகின் வாசம் பிடித்து இரவோடிரவாக வந்து, வடக்குப் பக்கத்தில் நட்டதில் பெரும்பகுதியைப் பிடுங்கிவிட்டன. வேரூன்றாத புல்லைக் கடித்தால் கொடியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். முட்கம்பி அடிக்கலாம் என்றும், இரவுக் காவல் போட்டுத் துரத்தலாம் என்றும் யோசனைகள் வந்தன. முட்கம்பியில் மான் சிக்கினால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது என்று பெண் அங்கத்தவர் ஒருவர் கேட்ட பின் அந்தப் பேச்சு அடங்கியது. கடைசியில் கடற்றொழிலாளர் குடும்பங்கள் தந்த பழைய வலைகளைத் தடியில் உயர இழுத்துக் கட்டி, மான் கண்ணுக்குத் தெரியும்படி வெள்ளைத் துணிக் கீற்றுகளைத் தொங்கவிட்டோம். சோலையின் கீழ்ப்புறத்தில் ஒரு துண்டு நிலத்தை வெட்டாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டோம். எட்டாம் கிழமை வலையை அவிழ்த்தோம். இப்போதும் அவை வருகின்றன. வேர் பிடித்த அறுகை மேய்ந்தால் அது தழைக்கத்தான் செய்கிறது. மானுக்குப் புல்லால் கேடில்லை, நாம் வீசும் பொலித்தீனால்தான் கேடு. உணவுப் பொதி சுற்றிய பைகளைத் தின்று செத்த மான்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. ஆகவே சோலைக்குள் பொலித்தீன் கொண்டுவரக் கூடாது என்ற விதியில் தளர்வு கிடையாது.

சோலை வேலையில் எங்களை மிகவும் தடுமாறச் செய்தது மேற்குப் பக்கத்து மாரா மரம். பின்னேரம் பார்வையாளருக்குள்ள ஒரே நிழல் அது. 1964 டிசம்பர்ச் சூறாவளியில் ஊரின் பெருமரங்கள் சாய்ந்தபோதும் இது நின்றதென்று மூத்தவர்கள் சொல்வார்கள். குழாய்க் கோடு அதன் வேர்ப்பரப்பை ஊடறுத்துப் போக வேண்டியிருந்தது. வேலையைக் கேள்விக்கோரலில் எடுத்தவர் மரத்தைத் தறித்தால் இரண்டு நாள் மிச்சம் என்றார். குழு இணங்கவில்லை. அந்தப் பதினைந்து மீற்றரில் பெக்கோவை நிறுத்தி, பெடியன்மார் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். தொடை பருமனான வேர்களை வெட்டாமல் அவற்றின் அடியால் குழாயை நுழைத்தார்கள். ஆறு நாள் பிடித்தது. மாரி முடிந்தும் மரம் தளிர்த்தே நிற்கிறது. புதிதாக வைத்தவை வேம்பு, மருது, புங்கை, நாவல், இலுப்பை. நடைபாதை ஓரத்தில் தென்னை வேண்டாமென்று விட்டோம், தேங்காய் விழும் இடத்தில் குழந்தைகள் நடக்கக் கூடாது.

மைதானத்து நீர் சோலைத் தாழ்வில் வெட்டிய குட்டையில் சேர்ந்து, நிரம்பிய பின்பே வெளி வாய்க்காலுக்குப் போகிறது. குட்டை கிணற்றுக்கும் ஊற்றுக் கொடுக்கும். 2017 இல் அயலிலுள்ள கிண்ணியாவில் டெங்கு பட்ட பாட்டை அறிந்தவர்கள் நாம். நுளம்பு பெருகாதிருக்கக் கப்பி மீன் விட்டிருக்கிறோம். கிழமைக்கொரு முறை பார்வையிடவும் ஆள் வைத்திருக்கிறோம்.

ஓடுபாதையைப் பற்றி உடற்கல்வி ஆசிரியர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். பழைய பாதையை உருக்கு நாடா பிடித்து அளந்தபோது 400 மீற்றருக்குக் குறைவாகவே இருந்தது. எங்கள் பிள்ளைகள் இங்கே நல்ல நேரத்தில் ஓடிவிட்டு வெளிமாவட்டத்தில் பிந்தி முடித்து மனமுடைந்து வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். குறை அவர்கள் காலில் மட்டும் இருக்கவில்லை. இப்போது நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீற்றர், வளைவின் ஆரை உள்விளிம்புக் கட்டு வரை 36.50 மீற்றர். முதலாம் சுவட்டின் (ஓட்டக்காரர் ஒருவருக்குரிய பாதைப் பிரிவின்) நீளத்தைக் கட்டிலிருந்து 30 சென்ரிமீற்றர் வெளியே அளக்க வேண்டும், அங்கேதான் சரியாக 400 வரும். சுவட்டின் அகலம் 1.22 மீற்றர். முழுச்சுற்று ஓட்டத்தில் இரண்டாம் சுவட்டுக்காரர் 7.04 மீற்றர் முன்னே நிற்பார். அதற்கடுத்த ஒவ்வொரு சுவட்டுக்கும் மேலும் ஏறத்தாழ 7.67 மீற்றர். இந்தப் புள்ளிகளைக் கொங்கிறீட் கட்டையில் துருப்பிடிக்காத ஆணி அடித்து நில மட்டத்தில் பதித்திருக்கிறோம். இனி விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் இரவு விளக்கைப் பிடித்துக்கொண்டு கயிறு இழுக்கத் தேவையில்லை. சுண்ணாம்பு போட்டால் போதும்.

கிரிக்கெட் அங்கத்தவர்களிடம் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுவிலிருந்த கொங்கிறீட் ஆடுதளத்தை அகற்றினோம். அதன் விளிம்பில் விழுந்து முழங்கால் உடைத்துக்கொண்ட உதைபந்தாட்டக்காரர் ஒருவரல்ல. பதிலுக்குச் சோலைப் பக்கம் இரண்டு பயிற்சி வலைகள் அமைத்துள்ளோம். அது முழு ஈடல்ல, தெரியும். களிமண் ஆடுதளத்துக்கான இடத்தை மட்டமெடுத்து ஒதுக்கியாயிற்று.

பழைய அரங்கில் கடற்காற்றால் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீட் பெயர்ந்த தூண்களை உடைத்துச் சுத்தம் செய்து, கம்பிக்கு மேலே 50 மில்லிமீற்றர் கனத்துக்குப் பூசினோம். சக்கர நாற்காலிக்கு 12 இற்கு 1 சரிவில் ஏறுபாதை உண்டு. பெண் பிள்ளைகளுக்குக் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீருமுள்ள உடைமாற்றும் அறை கட்டி முடிந்தது. எப்போதோ செய்திருக்க வேண்டியது.

கார்த்திகையில் ஓரிரவு விடாமல் அடித்தது. விடியற்காலை குடையோடு போனபோது குழுவில் ஐந்தாறு பேர் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. முந்தைய வருடங்களில் அப்படியொரு மழைக்குக் கோல் கம்பத்தடியில் தவளை கத்தும், ஒரு கிழமைக்குக் கால் வைக்க முடியாது. அன்று குட்டைக் குழாய் வாயில் தண்ணீர் தெளிவாகச் சீறிக்கொண்டிருந்தது. மைதானத்தில் புல்நுனி ஈரம் மட்டுமே. மறுநாள் பின்னேரம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பந்து உதைத்தார்கள். எங்களில் சிலர் கண் கலங்கினோம், அதை மறைக்க வேண்டியதில்லை.

இனி, காக்கும் வேலை. புல்லை ஒரு தடவையில் அதன் உயரத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் வெட்டக் கூடாது. ஆண்டுக்கொரு முறை இரும்பு முள் உருளையால் துளையிட்டு மணல் தூவ வேண்டும். கனமழை பெய்து ஒரு பகலாவது மைதானத்தை மூடி வைப்போம், யார் கேட்டாலும் திறவோம். களியாட்டத்துக்கோ கூட்டத்துக்கோ பந்தல் போட மைதானம் இனிக் கொடுக்கப்படாது. ஒரு பந்தல் முளை குழாயைத் துளைத்தால் முழுக் கிளையும் செயலிழக்கும். லொறிச் சக்கரம் ஒரு தடவை ஏறினால் பல மாத வேலை இறுகிப்போகும். இதனால் வாடகை வருமானம் குறையும். அதை ஈடுசெய்ய மாதச் சந்தாவை ஒழுங்காகச் செலுத்துமாறு ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம்.

கணக்காய்வாளர் கையொப்பமிட்ட வரவு செலவு விபரம் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. பற்றுச்சீட்டுகளைப் பொருளாளரிடம் கேட்டு யாரும் பார்க்கலாம். பார்வையாளர் அரங்குக்கென்று பெயர் குறித்து வந்த நன்கொடைகள் தனிக் கணக்கில் தொடாமல் இருக்கின்றன.

குழாய் வாய்களிலுள்ள வண்டல் தொட்டிகள் நான்கையும் புரட்டாதி முடியுமுன் துப்புரவாக்க வேண்டும். அதற்கான சிரமதானம் புரட்டாதி இரண்டாம் ஞாயிறு காலை 6 மணிக்கு. மண்வெட்டியும் தாச்சியும் உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். காலைச் சாப்பாடு சபையின் பொறுப்பு, வாழையிலையில்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு சார்பில்
செயலாளர்