டர்பைன் பிளேடும் இரண்டு கணக்குகளும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமான எஞ்சின் பற்றிய செய்திகளில் கணினியின் வேகம் மட்டுமே புகழப்படுவது எனக்கு வருத்தமளிக்கிறது. எஞ்சினில் சூடான வாயுவால் சுழலும் டர்பைன் பிளேடு ஒன்றின் வடிவத்தை வளைவு, தடிமன் போன்ற 100 அளவுருக்கள் தீர்மானிக்கின்றன என்றால், ஒவ்வொன்றையும் இம்மியளவு மாற்றி, அழுத்த இழப்பு கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க, வாயு ஓடும் விதத்தைச் சொல்லும் பாய்வுச் சமன்பாடுகளை 101 முறை தீர்க்க வேண்டும். எல்லா அளவுருக்களின் விளைவையும் ஒருசேரக் கணிக்கும் அட்ஜாயிண்ட் (adjoint) முறையிலோ, பாய்வுக் கணக்கு ஒன்று, விளைவிலிருந்து காரணத்தை நோக்கிப் பின்செல்லும் துணைக் கணக்கு ஒன்று என இரண்டே போதும். அளவுருக்கள் ஆயிரமானாலும் செலவு ஏறக்குறைய அதுவேதான். 1988இல் பாய்வியல் அறிஞர் ஆண்டனி ஜேம்சன் விமான இறக்கை வடிவமைப்புக்குக் கொண்டுவந்த அரிய வழி இது.

ஆனால், துணைக் கணக்கில் வசதிக்காகக் கொந்தளிப்புப் பாகுநிலையை (வாயுவின் ஒழுங்கற்ற சுழல்களால் கூடும் பிசுக்குத் தன்மையை) மாறாததாகக் கொண்டுவிட்டால், பாய்வு பரப்பை விட்டுப் பிரியும் இடங்களில் விடை பிழையாகக்கூடும் என்பதால், ஓரிரு அளவுருக்களையாவது நேரடியாக மாற்றிச் சரிபார்த்த பிறகே வடிவத்தை ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
இயந்திரப் பொறியாளர் ஒருவர்