இடுப்பை விட்டுப் பிரியாத சம்படம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். இணையத்தில் வாங்கிய அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் கம்பி ரம்பம், தூண்டில் முள், கண்ணி வைக்கச் செப்புக் கம்பி, பாம்பு விஷத்தை உறிஞ்சும் கருவி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு திசைகாட்டி எல்லாம் இருக்கின்றன. காட்டில் வழி தவறினால் இது போதுமா என்று கேட்டிருக்கிறாய். இதில் இருப்பதில் பாதி உனக்கு வேண்டாம். வேண்டியதில் பாதி இதில் இல்லை. தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சிலாங்கூரில் இருக்கும் நுவாங் மலைக்குக் கிளம்பும் முன் ஒரு முறையாவது முழுதாகப் படி.

எங்கோ பனிக்காட்டில் ஒரு மாதம் வேட்டையாடிப் பிழைக்க நினைப்பவனுக்காகச் சேர்த்த பெட்டி அது. நம் காட்டில் வழி தவறுகிறவருக்குப் பெரும்பாலும் கழிக்க வேண்டியிருப்பது ஓர் இரவு, மிஞ்சிப்போனால் இரண்டு. அந்த இரவை நனையாமல், நடுங்காமல், முக்கியமாக இருட்டில் நடக்காமல் கழித்துவிட்டால் விடிந்ததும் தேடி வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு பொருளையும் எடுத்து இரண்டே கேள்வி கேள். இது என்னை ஓரிடத்தில் உட்கார வைக்குமா? நான் இருக்கும் இடத்தைப் பிறருக்குக் காட்டுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் வெளியே போடு.

கண்ணிக் கம்பியை முதலில் போடு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் நீ எந்தக் காலத்தில் முயல் உரித்தாய்? சாப்பாடு இல்லாமல் மனிதர் வாரக்கணக்கில் தாங்குவார்கள். இரண்டு கடலை மிட்டாயை இறுக்கிச் சுற்றி வைத்துக்கொண்டால் போதும், அதுவும் மனத்தெம்புக்காக. காற்றுப் புகாமல் சுற்று. காட்டெறும்புக்கு மூக்கு நீளம்.

விஷம் உறிஞ்சும் கருவியைக் குப்பையில் போடு. இதை உன் அம்மாவாகச் சொல்லவில்லை, வார்டில் வேலை பார்த்த தாதியாகச் சொல்கிறேன். கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் பாம்பு செய்யாத கெடுதலையும் சேர்த்துச் செய்துவிடும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். செய்ய வேண்டியது இவ்வளவுதான். சின்ன வயதில் பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளையோடு கிளையாகச் சுருண்டு கிடந்த பச்சை விரியனைப் பார்த்து, பொம்மை என்று நினைத்துத் தொடப் போனாயே, காட்டிலும் அது அப்படித்தான் அசையாமல் கிடக்கும். கொப்பைப் பிடிக்கும் முன் கண்ணால் பார்த்துப் பிடி.

இனி, எதை எங்கே வைப்பது என்பது. இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான சேதி. உன் பாட்டி சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போவாள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போதே இடுப்பில் ஒரு சுருக்குப்பை ஏறிவிடும். அதில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய தீப்பெட்டி, அட்டைப் பூச்சிக்குப் புகையிலைத் துண்டு, ஒரு முடிச்சு உப்பு, மடக்குக் கத்தி. பால் சுமக்கும் காண்டா வாளியை மரத்தடியில் வைப்பாள், மேல்சட்டையைக் கழற்றிக் கிளையில் போடுவாள். அந்தப் பை மட்டும் இடுப்பை விட்டு இறங்காது. உங்கள் கூட்டத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "பையை இங்கேயே வைத்துவிட்டு உச்சிக்கு ஓடிவிட்டு வருவோம்" என்று பாதி வழியில் ஒருவர் சொல்வார். எல்லாரும் வைப்பீர்கள். உன் கறுப்புப் பெட்டியும் பைக்குள்ளேயே தங்கிவிடும்.

பெரிய பயணத்துக்கு எல்லாரும் தயாராகத்தான் போகிறார்கள். ஆபத்து இருப்பது சின்ன நடையில். தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் பேர் பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் கேமரன் மலையில் காணாமல் போனதை உன் அப்பா அடிக்கடி பேசுவார், நினைவிருக்கிறதா? 1967ஆம் ஆண்டு மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை. தானா ராத்தாவில் தங்கியிருந்த வீட்டிலிருந்து பிற்பகலில் வெளியே போனவர் திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி பழங்குடியினர் என்று நூற்றுக்கணக்கானவர்கள் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அது நமக்கு வேண்டாம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க உளவுப் படையில் இருந்தவர், காடு தெரிந்தவர். அவருடைய சிகரெட்டும் லைட்டரும் வீட்டிலேயே கிடந்தன. என் மனத்தில் நிற்பது அது ஒன்றுதான்.

ஆகவே உனக்கு நானே ஒன்று சேர்த்திருக்கிறேன். கறுப்புப் பெட்டிக்குப் பதில் எவர்சில்வர் சம்படம், நான் பெருங்காயம் வைத்திருந்தேனே, அதே அளவு, உள்ளங்கையில் அடங்கும். மூடியில் ரப்பர் வளையமோ பிளாஸ்டிக் கொக்கியோ இல்லாததாகப் பார்த்து எடுத்தேன், அடுப்பில் வைக்க முடிய வேண்டும் என்பதற்காக. மூடியின் உட்புறத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறேன். வெயிலில் காட்டினால் கண் கூசும், தூரத்தில் இருப்பவருக்குச் சைகை காட்ட உதவும். மூடி திறக்காமலிருக்க, சைக்கிள் டியூபைக் குறுக்கே வளையமாக வெட்டி மூன்றை மாட்டியிருக்கிறேன். அந்த டியூப் மூடியைப் பிடிப்பதற்கு மட்டும் இல்லை. ஒரு வளையத்தை வெட்டி நெருப்புக் காட்டினால் மழையில் நனைந்திருந்தாலும் பற்றிக்கொள்ளும், கரும்புகையோடு நின்று எரியும். தோட்டத்தில் மழைக்காலத்தில், மரத்தில் வடிந்து காய்ந்த ரப்பர் ஒட்டுப்பாலை வைத்துத்தான் பாட்டி அடுப்பு மூட்டுவாள், அதே வித்தைதான். காட்டில் மெராந்தி போன்ற பெருமரங்களின் அடியில் கண்ணாடிக் கட்டி போல உறைந்து கிடக்கும் டாமார் பிசினும் இப்படியே எரியும், கண்ணில் பட்டால் பொறுக்கி வைத்துக்கொள்.

உள்ளே ஒரு சின்ன லைட்டர். காஸ் எவ்வளவு மிச்சம் என்று தெரிகிற மாதிரி நிறமில்லாததாக வாங்கினேன். பொத்தான் அமுங்கிக் காஸ் கசியாமலிருக்க அதற்கு அடியில் ஒரு நூலைச் சுற்றியிருக்கிறேன், அதைக் கழற்றிவிட்டுப் பற்றவை. லைட்டரின் உடம்பைச் சுற்றி இரண்டு முழம் டக்ட் டேப். செருப்பு, கிழிந்த பை, கொப்புளம் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. பிறகு குளோரின் மாத்திரை ஓர் அட்டை, தண்ணீர் பிடிக்க மடித்த ஒரு லிட்டர் பை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குளவி கொட்டினால் போட அலர்ஜி மாத்திரை, பிளாஸ்டர், பழைய பிளேடு ஒன்று. கோடாலித் தைலம் வைக்காமல் விட்டால் நீயே என்னைத் திட்டுவாய் என்பதால் அதில் சின்னச் சீசா ஒன்று. அது உயிரைக் காப்பாற்றாது. வைத்திருக்கிறேன்.

தண்ணீருக்கு வருவோம். ஓடைத் தண்ணீர் கண்ணாடி போல் இருந்தாலும் நம்பாதே. துணியில் வடிகட்டி, மாத்திரை போட்டு, அரைமணி நேரம் பொறுத்துக் குடி. அல்லது சம்படத்தில் ஊற்றி நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். குடிக்காமலேயே தொற்றுவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் சிராய்ப்போடு இறங்கினால் போதும், கிருமி உள்ளே போய்விடும். புண்ணை மூடிக்கொண்டு இறங்கு. திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் "காட்டாற்றில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் நீயே சொல். நீ சொல்லாமல் அவருக்கு அது தோன்றாது.

அட்டையைப் பற்றி நீ அலறுகிறாய். நீங்கள் போகும் பாதையில் ஒரு முகாமுக்கே கேம் பாச்சாட், அதாவது மலாயில் அட்டை முகாம், என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அப்புறம் என்ன எதிர்பார்க்கிறாய்? பாட்டி காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொள்வாள். கடித்த அட்டைக்கு உப்பு வைப்பாள். வருமுன் தடவுவது சரி. கடித்த பிறகு உப்போ நெருப்போ வைத்தால் அது குடித்ததைப் புண்ணுக்குள்ளேயே கக்கும். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, அதன் வாயைப் பக்கவாட்டில் நெம்பித் தள்ளு, விழுந்துவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், பயப்படாதே.

சம்படத்தில் அடங்காதவை மூன்று. ஒன்று விசில். உள்ளே குண்டுமணி உருளுகிற விசில் வேண்டாம், நனைந்தால் சிக்கிக்கொள்ளும். உன் கறுப்புப் பெட்டியில் இருப்பது அந்த ரகம். மணி இல்லாததாக வாங்கிக் கழுத்தில் தொங்கவிடு. மூன்று முறை ஊது, நிறுத்திக் காதைக் கொடு, மறுபடி மூன்று முறை. கத்தினால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிவிடும். விசிலுக்குத் தொண்டை இல்லை. இரண்டாவது நெற்றி விளக்கு. வெளியே ஏழரைக்கு இருட்டுகிறது என்றால் மரத்தடியில் ஆறரைக்கே கண் தெரியாது. பைக்குள் தானாக எரிந்து தீராமலிருக்க பேட்டரி ஒன்றைத் திருப்பிப் போட்டு வை.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது, விலையோ மிகக் குறைவு: ஆள் உள்ளே உட்காரும் அளவுக்குப் பெரிய குப்பைப் பை, ஆரஞ்சு நிறத்தில். நுவாங் 1,493 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு பாகை குளிர் கூடும். அதோடு நனைந்த சட்டையும் காற்றும் சேர்ந்தால் இந்த வெயில் நாட்டிலும் பல் கிட்டித்துப்போகும். பையின் மூலையில் முகம் அளவுக்கு ஓட்டை போட்டுத் தலைவழியாகக் கவிழ்த்துக்கொள். மூச்சுக்கு முகம் வெளியே இருக்க வேண்டும், மறந்துவிடாதே. கீழே வெறும் தரையில் உட்காராதே, ஈர மண் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தோள்பையும் இலை தழையும் அடியில். மினுமினுக்கும் வெள்ளித்தாள் போர்வை உன் பெட்டியில் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள். ஆனால் அது முள்ளில் பட்டால் கிழியும், ஆகவே பைக்குள் போர்த்திக்கொள்.

வழி தவறியது தெரிந்ததும் ஆற்றோடு இறங்கினால் ஊர் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. நம் மலை ஆறுகள் அருவியாகக் குதித்து இறங்குகின்றன, ஊருக்குப் போவது அதற்கப்புறம். பிற்பகல் மழை மேலே கொட்டினால் கீழே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் பாய்ந்து வரும். கெப்பாலா ஆயர் என்கிறார்களே, அதுதான். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ கரையேறு, சாமானை எடுக்கத் திரும்பாதே.

கைத்தொலைபேசியை விமானப் பயன்முறையில் வை. சிக்னல் தேடித் தேடியே பேட்டரி செத்துவிடும். அவசர உதவி எண்ணான 999ஐயோ 112ஐயோ அழைத்தால் உன் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகப் போக வாய்ப்பு உண்டு. மேட்டில் நின்று முயன்று பார்.

வனத்துறை அனுமதியும் மலை வழிகாட்டியும் இல்லாமல் போகிற கூட்டத்தோடு நீ சேர வேண்டாம். "அனுமதி எதற்கு, எனக்கு வழி தெரியும்" என்று ஒருவர் பேசுவதாகச் சொன்னாய். அவர் பின்னால் போகாதே.

சம்படத்தைத் தம்பி சனிக்கிழமை பஸ்ஸில் கொண்டு வருகிறான், இடுப்பில் கட்ட ஒரு துணிப்பையும் தைத்து வைத்திருக்கிறேன். விசிலும் குப்பைப் பையும் அங்கேயே வாங்கிக்கொள். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தால் வீட்டுப் பால்கனியில் அந்தப் பைக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்து பார், பக்கத்து வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். டியூபையும் அங்கேயே ஒரு துண்டு கொளுத்திப் பழகு, இரும்புச் சட்டியில் வைத்து.

போகும் நாளன்று காலை வழிகாட்டியின் எண், ஏறும் இடம், யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு அடிவாரம் திரும்புவீர்கள் என்று எழுதி எனக்கு அனுப்பு. நீ எழுதிய மணி தாண்டி இரண்டு மணி நேரம் பொறுப்பேன். அப்புறம் பொறுக்க மாட்டேன், 999ஐ அழைத்துவிடுவேன். வந்து சேர்ந்துவிட்டு எனக்குச் சொல்லாமல் சாப்பிடப் போய்விடாதே.

அன்புடன்,
அம்மா