ஆண்டறிக்கை 2024–25: மாட வீதி நடையும் நமது சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் வசிக்கும் நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று உடனுக்குடன் தகவல் கொடுத்தோம். மார்கழியில் கோலப் போட்டி நடத்திப் பரிசு கொடுத்தோம். செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி கூட்டப்பட்டன. பல கூட்டங்களை கோரம், அதாவது விதிப்படி தேவையான உறுப்பினர் எண்ணிக்கை, இல்லாமல் அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே இடத்தில் மறுபடி கூட்ட வேண்டியிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆண்டு சங்கம் செய்த பெரிய வேலை ஞாயிற்றுக்கிழமை காலை நடை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்குழுவிலேயே சிலர், “குப்பை, சாக்கடை, தெருவிளக்கு இதெல்லாம் இருக்கும்போது ஊர் சுற்றிப் பார்ப்பதெல்லாம் சங்கத்து வேலையா?” என்று கேட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்குக் காட்டுகிற வேலையை உள்ளூர்க்காரர்களுக்கு ஏன் செய்ய வேண்டும் என்றும் கேட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்காகத்தான் செய்தேன் என்பதே என் பதில்.

திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகள் வந்துவிட்டன. அவற்றில் குடியேறிய பல குடும்பங்களுக்குத் தெற்கு மாட வீதி என்பது கார் எடுக்க முடியாத ஒரு நெரிசலான சாலை, அவ்வளவுதான். கீரை முதல் கற்பூரம் வரை போனில் வந்துவிடுகிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் சித்திரக்குளத்தைப் பார்த்திராத பிள்ளைகள் நம் சங்கத்துக் குடும்பங்களில் இருக்கிறார்கள். சென்னைப் பட்டணம் உருவானது 1639-இல். ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே இந்த மயிலையின் தெருவைப் பாடிவிட்டார். இத்தனை பெரிய நகரம் சுற்றி வளர்ந்த பிறகும், பூக்காரம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிற, கடைக்காரர் “ஊருக்குப் போயிருந்தீங்களா, ஆளையே காணோமே” என்று கேட்கிற ஒரு ஊராக இது இன்னும் இருக்கிறது. இங்கே வீடு வாங்கிவிட்டு இந்த ஊருக்குள் வராமலே இருந்தால் அது பெரிய நஷ்டம்.

நடை கபாலீஸ்வரர் கோயில் குளத்தின் மேற்குப் படிக்கட்டருகே, ராமகிருஷ்ண மடம் சாலையில் தொடங்கும். குளம் இருக்கும் இடம் ஆற்காடு நவாப் கொடுத்தது என்று வழிவழியாகச் சொல்வார்கள். மொகரத்தின்போது முஸ்லிம்கள் இந்தக் குளத்துக்கு வரும் வழக்கம் உண்டு. தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பமும் இதே குளத்தில்தான். பழைய கபாலீஸ்வரர் கோயில் கடலோரம் இருந்து, போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்து, பிறகு இந்த இடத்தில் எழுந்தது. கிழக்கே நாம் தினமும் பார்க்கும் ராஜகோபுரம் 1906-இல் கட்டியது. சம்பந்தர் பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதம் மாதமாக விழாக்கள் வரும். கோயில் இடம் மாறினாலும் அந்த வரிசை மாறவில்லை. மாட வீதிக் கடைகளின் சரக்கும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் மாறுகிறது. ஆவணியில் களிமண் பிள்ளையார், காகிதக் குடை, எருக்க மாலை. நவராத்திரிக்கு வடக்கு மாட வீதி முழுக்க பண்ருட்டி, காஞ்சிபுரம், விளாச்சேரி பொம்மைகள். கார்த்திகைக்கு அகல் விளக்கு. தைக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும். காலண்டர் இல்லாமலே இன்ன மாதம் என்று இந்தத் தெருவில் நின்று சொல்லிவிடலாம்.

வடக்கு மாட வீதியில் துணிக்கடை, பாத்திரக்கடை, நாட்டிய நகைக் கடைகளைப் பார்த்துக்கொண்டு கிழக்கு மாட வீதிக்குத் திரும்பினால் காளத்தி கடை. பத்திரிகை விற்கும் கடையில் ரோஸ் மில்க் எப்படிப் பேர் வாங்கியது என்று பிள்ளைகள் கேட்காத நாளே இல்லை. சில வாரம் கச்சேரி சாலை வரை போய் டப்பா செட்டிக் கடையையும் பார்த்தோம். தீபாவளி லேகியத்துக்கும் பிரசவ மருந்துக்கும் சாமான் வாங்க இன்றும் அங்கேதான் வருகிறார்கள். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியாகவே பஜ்ஜியும் பொங்கலும் கொடுக்கும் கடையில் நின்று சாப்பிட்டவர்கள், சங்கப் பணத்தில் அல்ல, தங்கள் பணத்தில்தான் சாப்பிட்டார்கள் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன். சங்கக் கணக்கில் எழுதியது காபிச் செலவு மட்டும், அதுவும் தொடக்கத்தில் சில வாரங்களுக்குத்தான்.

ஆனால் நடையின் உயிர் தெற்கு மாட வீதி. விடியும் முன்பே கோயம்பேட்டிலிருந்து சரக்கு எடுத்து வந்து, சாக்கு விரித்து, வாழைப்பூ, சுண்டைக்காய், மணத்தக்காளி, பச்சை மிளகு என்று கூறு கட்டி வைத்துவிடுகிறார்கள். பங்குனியில் மாவடு படியில் அளந்து விற்பார்கள். பெரிய கடைகளின் குளிர்பெட்டியில் இவற்றில் பாதி கிடைக்காது. மாகாளிக் கிழங்கு வந்திருந்த ஒரு காலையில், அந்த வாசனைக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு இளம் தம்பதியை விற்கிற அம்மா கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு கிழங்கை எடுத்து மண் போகத் துடைத்தார். கத்தியின் முனையால் தோலைச் சுரண்டி, நீளவாக்கில் கீறி, நடுவில் இருந்த கெட்டி நரம்பை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டார். “இதை எடுக்கலன்னா பல்லு உங்களுதில்ல. சின்னச் சின்னதா நறுக்கி, உப்பு, மொளகாத்தூள் போட்டு மோர்ல ஊற வைம்மா. மூட்டப்பூச்சி நாத்தம்னு சொல்றவங்கதான் அப்புறம் வருசா வருசம் வந்து கேப்பாங்க” என்றார். அந்தப் பெண் கால் கிலோ வாங்கினார். அதற்குப் பிறகு அவர் வாராவாரம் அந்த அம்மாவிடம்தான் காய்கறி வாங்குகிறார். இதைவிட ஒரு சங்கம் என்ன செய்துவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நடந்ததால் வேறு பலனும் உண்டு. எரியாத விளக்கு, பெயர்ந்த நடைபாதைக் கல், மூடி இல்லாத குழி எல்லாம் கண்ணில் பட்டன. போட்டோ எடுத்து இடம் குறித்து மனு கொடுத்தோம். விளக்குகள் எரிகின்றன. குழிக்கு மூடி வந்துவிட்டது. கல் இன்னும் வரவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குப்பை, விளக்கு பற்றிக் கேட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதிய புகாரைவிட நடந்து எழுதிய புகாருக்குத்தான் வேலை நடந்தது.

அடுத்ததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் ஆண்டறிக்கையில் வராமல் இருக்கக் கூடாது. தெற்கு மாட வீதி நடைபாதை வியாபாரிகளை அகற்றச் சொல்லி சங்கத்தின் பெயரில் மனு கொடுக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. லஸ் முனையில் மெட்ரோ வேலை நடக்கிறது. மாதவரம்–சிப்காட் பாதையும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி பாதையும் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கின்றன. அதனால் வண்டிகள் மாட வீதிப் பக்கம் திரும்புவதும், நெரிசல் கூடியிருப்பதும் உண்மை. வயதானவர்கள் நடக்கச் சிரமப்படுகிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் தெருவை அடைத்து நிற்பதில் பாதி நம் வீட்டு வண்டிகள்தான் என்பதை யாரும் சொல்லவில்லை.

நான் கையெழுத்துப் போட மறுத்தேன். காரணத்தை எழுத்திலும் கொடுத்தேன். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை இருப்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. வாங்குபவரும் விற்பவரும் வழிவழியாகக் கூடும் இடத்தை இயற்கைச் சந்தை என்று அந்தச் சட்டம் தனியாகவே குறிப்பிடுகிறது. தெற்கு மாட வீதிக்குப் பொருந்தாவிட்டால் அது வேறு எந்தத் தெருவுக்குப் பொருந்தும்? அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்கு நாற்பது சதவீதத்துக்குக் குறையாத இடம் உண்டு. குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதில் இடம் பெற வழி இருக்கிறது. அகற்று என்று மனு எழுதுவதைவிட அங்கே உட்கார்ந்து, நடக்க இவ்வளவு இடம், கடைக்கு இவ்வளவு இடம் என்று கோடு போட்டுப் பேசுவதுதான் சங்கத்துக்கு மரியாதை. தீர்மானம் நிறைவேறவில்லை. கொண்டு வந்தவர்கள் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் வராமல் இருப்பது பதில் ஆகாது. வந்து என்னோடு சண்டை போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் அவர்கள் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. நம் மாதச் சந்தா தெற்கு மாட வீதியில் ஒரு வேளைக் காய்கறிக்குக் கூடக் காணாது. வீடு தேடிப் போனால், “சங்கம் எங்களுக்கு என்ன செய்தது?” என்ற கேள்வி வாசலிலேயே வருகிறது. மழைத் தண்ணீர் நிற்கும்போது இரவு பத்து மணிக்கு எனக்கு போன் செய்தவர்களும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். போனை நான் எடுத்தேன். இனியும் எடுப்பேன். சந்தாவையும் அதே உரிமையோடு கேட்கிறேன். ஒழுங்காக, நினைவூட்டல் இல்லாமலே கட்டுபவர்கள் பெரும்பாலும் ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வரவு செலவைப் பொருத்தவரை, சென்ற ஆண்டைவிட வரவு சற்றுக் குறைவு, செலவு ஏறக்குறைய அதே அளவு. முகாம், கோலப் பரிசு, அச்சுச் செலவு ஆகியவை முக்கியச் செலவினங்கள். வங்கி இருப்பு அன்றாடக் காரியங்களுக்குப் போதும். விவரத்தைப் பொருளாளர் தம் அறிக்கையில் தருவார்.

கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், கோலப் பரிசு வழங்கிய அன்பர்களுக்கும், கண் பரிசோதனை செய்த மருத்துவர்களுக்கும், துப்புரவுப் பணியாளர்களுக்கும், தலைவருக்கும் பொருளாளருக்கும் நன்றி. வாராவாரம் நடைக்கு நின்று விளக்கம் சொன்ன மாட வீதிக் கடைக்காரர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. வியாபார நேரத்தில் இருபது பேர் கடையை மறைத்துக்கொண்டு நின்றாலும் முகம் சுளிக்காதவர்கள் அவர்கள்.

வரும் ஆண்டைப் பற்றி. நடை தொடர வேண்டும் என்று விரும்புகிறேன். சித்திரக்குளத்துக்கும் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்துக்கும் ஒரு பாதையும், 1516 என்று கல்லில் பொறித்திருக்கும் லஸ் தேவாலயத்துக்கு இன்னொரு பாதையும் யோசித்து வைத்திருக்கிறேன். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டாலும் நடையை நான் நடத்தித் தருகிறேன். யாரும் முன்வராவிட்டால் இந்தப் பொறுப்பிலும் தொடர்வேன், ஆனால் செயற்குழுவில் வருகிறவர்கள் வேண்டும்.

நடந்தபோது தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு வந்து மதியம் வரை உட்கார்ந்திருக்கும் பெண் வியாபாரிகளுக்கு அந்தத் தெருவில் போக ஒரு கழிப்பறை இல்லை. தண்ணீர் குடிக்கவே யோசிக்கிறோம் என்று பூ விற்கும் அம்மா ஒருவர் நம் உறுப்பினர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். பொதுக் கழிப்பறைக்கு மனு கொடுத்திருக்கிறோம், அது வரும்போது வரட்டும். அதுவரை தெற்கு மாட வீதியிலோ ஒட்டிய தெருவிலோ தரைத்தளத்தில் காவலாளிக்கென்று கழிப்பறை இருக்கும் அடுக்குமாடிகள் காலை நேரத்தில் மட்டும் அதைத் திறந்துவிட்டால் போதும். சுத்தம் செய்யும் செலவைச் சங்கம் ஏற்கும். ஒரு குடிநீர் டிரம்மும் வைக்கலாம். இதற்கு ஆகும் தொகை பெரிதல்ல. நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே ஒரு வருடத்துக்கு ஓடும். எந்தக் கட்டடம் முன்வருகிறதோ அதன் பெயரைக் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் சொன்னால், நாளைக் காலையே அந்த அம்மாக்களிடம் போய்ச் சொல்லிவிடுவேன்.

ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் வாசலருகே மேசையில் இருக்கிறார். அடுத்த நடை வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, குளத்து மேற்குப் படிக்கட்டருகே. பை எடுத்து வாருங்கள், மாவடு வரத் தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
செயலாளர்